டெக்சாஸிலிருந்து இல்லினாய்ஸுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். தேங்க்ஸ்கிவிங் அன்று உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். "இருபது வருஷமாக மாநில உரிமை, மாநில உரிமை என்று பேசுகிறீர்களே மாமா, அக்டோபரில் அதிபர் டிரம்ப் உங்கள் டெக்சாஸ் படையை எங்கள் மாநிலத்துக்கு அனுப்பியபோது ஏன் வாயைத் திறக்கவில்லை?" அக்கா உடனே, "சாப்பிடும்போது எதுக்குடா அரசியல்" என்று ரசத்தை நகர்த்தினாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஹூஸ்டன் திரும்பிய நாளிலிருந்து அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இங்கே நம் ஆட்கள் பலருக்கும் இதே கேள்வி இருப்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கேட்டது நியாயம். 2025 அக்டோபரில் நேஷனல் கார்டு என்ற எங்கள் டெக்சாஸ் மாநிலப் படையிலிருந்து சுமார் 200 பேர் இல்லினாய்ஸின் எல்வுட்டில் வந்து இறங்கினார்கள், உங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம். உங்கள் கவர்னர் வேண்டாம் என்றார், எங்கள் கவர்னர் அனுப்பச் சம்மதித்தார். ஒரு மாநிலத்துப் படை, அழைக்காத இன்னொரு மாநிலத்துக்குள் போகிறது. இதைவிடப் பெரிய மாநில உரிமைப் பிரச்சினை வேறு என்ன வேண்டும்? எங்கள் குடியரசுக் கட்சியிலேயே ஓக்லஹோமா கவர்னர் கெவின் ஸ்டிட் இதை வெளிப்படையாக எதிர்த்தார். இல்லினாய்ஸ் கவர்னர் இதே மாதிரி ஓக்லஹோமாவுக்குப் படை அனுப்பினால் நம் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்களா என்பது அவர் வாதம். அதை நான் பேசியிருக்க வேண்டும். நம்ம ஆள் செய்கிறார், போகட்டும் என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது.

ஆனால் மாமா தடுமாறினார் என்பதற்காக நீ அந்தக் கொள்கையையே தூக்கி எறிந்துவிடக் கூடாது. அது உனக்கும் வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஓஹாயோவில் டேட்டன் பக்கத்தில் ரோஸ்கோ ஃபில்பர்ன் என்று ஒரு விவசாயி இருந்தார். பால்மாடு, கோழி, கொஞ்சம் கோதுமை. 1938-இல் வந்த ஒரு ஃபெடரல் சட்டம், அதாவது வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசின் சட்டம், விலை விழாமல் இருக்க யார் எவ்வளவு கோதுமை போடலாம் என்று அளந்து கொடுத்தது. இவருக்குக் கிடைத்த அளவு 11.1 ஏக்கர். அவர் 23 ஏக்கர் விதைத்தார். கூடுதலாக விளைந்தது 239 புஷல். அபராதம் 117 டாலர் 11 சென்ட். அவர் விளைச்சலில் ஒரு பங்கு மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம், ஒரு பங்கு வீட்டுக்கு மாவு, ஒரு பங்கு அடுத்த வருஷ விதை. தன் நிலத்தில் விளைந்ததைத் தன் மாட்டுக்குப் போடுவதில் வாஷிங்டனுக்கு என்ன வேலை என்று கோர்ட்டுக்குப் போனார்.

அரசியல் சாசனம் வாஷிங்டனுக்குக் கொடுத்தது, மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். ஃபில்பர்னின் தீவனம் அவர் வேலியைக்கூடத் தாண்டவில்லை. ஆனாலும் 1942-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அரசு பக்கம் நின்றது. வீட்டில் விளைவித்தவர் சந்தையில் வாங்க மாட்டார், அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தால் நாட்டின் கோதுமை வணிகமே பாதிக்கும், ஆகவே தடுக்கலாம் என்றார்கள். கொஞ்சம் யோசித்துப் பார். இந்தக் கணக்கில் எதுதான் அடங்காது? அக்கா கொல்லையில் போட்டிருக்கும் வெண்டைக்காய்கூட அடங்கும். அந்தப் பிடி தளர 1995 ஆயிற்று. பள்ளிக்குப் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருப்பதை வணிகம் என்று சொல்ல முடியாது என்று அந்த வருஷம்தான் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பள்ளியில் துப்பாக்கி கூடாது என்று டெக்சாஸில் ஏற்கெனவே சட்டம் இருந்தது. இது யார் வேலை என்பதுதான் அங்கே கேள்வி.

சட்டத்தால் முடியாததைப் பணத்தால் சாதிப்பது இன்னொரு வழி. 21 வயதுக்குக் கீழே யாருக்கும் மது விற்கக் கூடாது என்று வாஷிங்டன் நேரடியாகச் சட்டம் போடவில்லை. மாநிலங்கள் விற்க விட்டால் அவற்றுக்குத் தரும் நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கை வெட்டுவோம் என்று 1984-இல் சொன்னது. 19 வயதில் லேசான பியர் வாங்கவிட்ட தெற்கு டக்கோட்டா எதிர்த்து வழக்குப் போட்டு 1987-இல் தோற்றது. அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் நான் மதிக்கும் அதிபர் ரீகன். ஃபெடரல் பணம் வேண்டுமென்றால் மாநிலங்கள் பள்ளிகளில் வருஷாவருஷம் தேர்வு வைக்க வேண்டும் என்ற 2002 சட்டத்தில் போட்டவர் நான் ஆதரித்த அதிபர் புஷ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பக்கம் கை சுத்தம் என்று உன்னிடம் நான் சாதிக்க வரவில்லை.

இந்தப் பித்து எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். "மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி" என்று சுவரெழுத்துப் பார்த்து வளர்ந்தவன் நான். 1976 ஜனவரி 31-இல் டெல்லி ஒரே ஆணையில் தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்தபோது உன் தாத்தா அன்றிரவு சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லுவாள். இங்கே ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவர்னரின் ஆட்சியை எந்த அதிபராலும் கலைத்துவிட முடியாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இதுதான் ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம், அன்று நீ பாதியில் விட்ட விஷயம். மாநில உரிமை என்ற சொல்லை வைத்துத்தானே தெற்கில் கறுப்பின மக்களை நசுக்கினார்கள் என்றாய். ஆமாம், நசுக்கினார்கள். அந்தக் கறையை மறைப்பவன் நேர்மையானவன் இல்லை. 1957-இல் கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் ஆர்க்கன்சா மாநிலம் தடுத்த லிட்டில் ராக் பள்ளிக்கு அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பியது சரி. பதினான்காவது திருத்தமும் அதே சாசனத்தில்தான் இருக்கிறது, மனிதனின் உரிமையை மிதிக்கும் அதிகாரம் எந்த மாநிலத்துக்கும் இல்லை. கூடவே இதையும் படி. தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக் கொடு என்று 1850-இல் வடக்கு மாநில மக்களுக்கும் உத்தரவிட்டது ஃபெடரல் சட்டம். முடியாது என்று எதிர்த்து நின்றது விஸ்கான்சின் மாநில நீதிமன்றம்.

இன்றைக்கு உங்கள் ஊரைக் காப்பாற்றுவதும் எங்கள் ஆட்கள் கட்டிய சுவர்தான். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர்ப் போலீஸ் தலைவர்களான ஷெரிஃப்கள் சரிபார்க்க வேண்டும் என்ற ஃபெடரல் சட்டத்தை எதிர்த்து மொன்டானா, அரிசோனா ஷெரிஃப்கள் வழக்குப் போட்டார்கள். மாநில அதிகாரிகளை வாஷிங்டன் வேலை வாங்க முடியாது என்று 1997-இல் தீர்ப்பு எழுதியவர் ஸ்காலியா, கன்சர்வேட்டிவ்களின் நீதிபதி. 2025 ஜூலையில், குடியேற்ற அதிகாரிகளுக்கு உதவ மறுக்கும் இல்லினாய்ஸ், சிகாகோ மீது அதிபரின் அரசு போட்ட வழக்கை ஒரு ஃபெடரல் நீதிபதி தள்ளுபடி செய்தாரே, அது, வாஷிங்டனுக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கே என்ற பத்தாவது திருத்தத்தை வைத்துத்தான். உங்கள் மாநிலக் கொள்கை எனக்குப் பிடிக்காது. தீர்ப்பு சரி.

இப்போது நான் கவலைப்படுவது அதிபர்கள் தனியாகப் போடும் கையெழுத்தைப் பற்றி. பைடன் சுமார் 40,000 கோடி டாலர் கல்விக் கடனை, இந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்காமலே தள்ளுபடி செய்யப் பார்த்தார், 2023-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, நான் கொண்டாடினேன். 2025 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, புதிய ஹெச்-1பி வேலை விசா மனுவுக்கு 1,00,000 டாலர் என்று டிரம்ப் ஒரே கையெழுத்தில் அறிவித்தார். குடியேற்றம் வாஷிங்டனின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய தொகையை விதிப்பது காங்கிரஸின் வேலை. கல்வித் துறையை மூட வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்பவன் நான். அதையும் காங்கிரஸ் சட்டம் போட்டுத்தான் உண்டாக்கியது, சட்டம் போட்டே மூடட்டும்.

எங்கள் மகள் பள்ளிக்கு முன்னால் சாலையைக் கடக்க விளக்கில்லாமல் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கவுன்டி என்ற எங்கள் உள்ளாட்சியின் கூட்டத்துக்குப் போனேன். மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். கை நடுங்க, ஒரு தாளைப் பார்த்துப் படித்தேன். ஆறு மாதத்தில் விளக்கு வந்தது. நான் யாருக்கும் தெரிந்தவன் இல்லை, என் பெயரைக்கூடத் தப்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் வந்தது. வாஷிங்டனில் ஒரு பிரதிநிதிக்கு ஏழரை லட்சம் பேர். அங்கே எனக்கு யார் மூன்று நிமிஷம் தருவார்கள்?

நேற்று ராத்திரி எங்கள் கவர்னருக்கு ஒரு கடிதம் எழுதினேன். டெக்சாஸ் படையை அழைக்காத மாநிலத்துக்கு இனி அனுப்பச் சம்மதிக்காதீர்கள் என்று, அவருக்கு ஓட்டுப் போட்டவன் என்பதையும் சொல்லி. நகலை உன் மெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன், ஆங்கிலம் எங்காவது இடறினால் திருத்திக் கொடு, காலையில் தபாலில் போடுகிறேன். உங்கள் கட்சி அதிபர் வரும் நாளில் இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டி வந்தால், அதன் நகலை எனக்கு அனுப்பு.

அக்காவையும் அத்தானையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா