கட்டிப்போட்டால் குட்டி பழகாது

ஆசிரியருக்கு,

கை படாத குதிரைக்குட்டியைக் கம்பத்தில் கட்டிப்போட்டால் அடங்கிவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். மிரண்டு பின்னுக்கு இழுக்கும் குட்டிக்குக் கழுத்தில் அடிபடும், அவ்வளவுதான்.

நேருக்கு நேர் போகாமல் தோள்பட்டையை நோக்கிச் சாய்வாக நடங்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. தலையைத் தூக்கி விறைத்தால் அங்கேயே நில்லுங்கள். உடம்பு தளர்ந்த அந்த நொடியில் இரண்டடி பின்வாங்குங்கள். துள்ளும்போது பின்வாங்கினால், துள்ளினால் ஆள் போய்விடுவார் என்றே கற்றுக்கொள்ளும். பெரும்பாலான கோளாறு இங்கேதான்.

முதலில் முகத்தைத் தொடாதீர்கள். பிடரிமயிர் முடியும் மேட்டில் சொறிந்துவிடுங்கள். ஒரு வேளைக்கு 10, 15 நிமிடம் போதும். கையில் தீனி நீட்டினால் கடிக்கப் பழகிவிடலாம். குளம்பைத் தூக்கினால், அது உதறுவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள்.

— குதிரைப் பயிற்சியாளர் ஒருவர்