வள்ளிக்குப் பின்னால் பனிமலை நின்றது பற்றி, நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், அம்பலக்காரர்களுக்கும், நாடகம் பேசிக் கொடுக்கும் ஏஜெண்ட் அண்ணன்மார்களுக்கும் புதுக்கோட்டை சீன் செட்டிங் கடையிலிருந்து வணக்கம்.

அந்த வாய்ஸ் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். நம் கடை செட்டைக் கேலி செய்து நான்கு நிமிடம் ஓடுவது. எனக்கு ஆறு பேர் அனுப்பினார்கள், அதில் ஒருவர் என் சம்பந்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கேட்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பங்குனிப் பொங்கலுக்கு ஓர் ஊரில் வள்ளி திருமணம் நாடகம். பேசியிருப்பவர் அந்த ஊர் மாப்பிள்ளை, சென்னையில் வேலை. சாமி கும்பிட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸைப் பிடிக்க இருந்தவரை மாமனார் விடவில்லை. முன்வரிசையில் நாற்காலி போட்டு "உட்காருங்க மாப்பிள்ளை" என்றால் யார்தான் எழுந்து போக முடியும்? நோட்டீசில் இரவு 10 மணி என்று இருந்ததை நம்பி ஒன்பதே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். அதிலேயே தெரிகிறது, ஆள் நம் நாடகத்துக்குப் புதிது என்று.

பதினொன்றுக்கு ஆர்மோனியம், அப்புறம் பபூன், அப்புறம் பபூனும் டான்ஸும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம். "கதை எப்போ வரும்?" என்று மாமனாரைக் கேட்டிருக்கிறார். அவர் தூங்கிவிட்டார். நம் நாடகத்தில் வள்ளி வரவே நள்ளிரவு தாண்டும், முருகன் வேடனாக வருவது அதற்கும் பிறகு, கல்யாணம் விடியும்போது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்து, சுவாமிகள் 1922-ல் மறைந்து நூறு வருஷம் தாண்டியும் அதன் நடை அதுதான். நடிப்பவர்கள் என் ஆட்கள் இல்லை. திரை, மைக், லைட் மட்டும்தான் நம்முடையது. ஆகவே பபூன் எவ்வளவு நேரம் பேசினார் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

மைக் கீச்சிட்டது என்கிறார். கீச்சிட்டது உண்மை. பபூன் கார்ட்லெஸ் மைக்கோடு கீழே இறங்கி நேராக ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் போய் நின்றால் எந்த மைக்கும் கீச்சிடும். கூம்புக் குழாயை மரத்து உச்சியில் கட்டிய காலத்தில் சத்தம் நாலு ஊருக்குப் போகும், முன்வரிசை தப்பித்துவிடும். இப்போது கூம்புக்குத் தடை, பாக்ஸ் தரையில் இருக்கிறது, முன்வரிசைக்காரர் காதில் முழுதும் இறங்குகிறது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் வந்த மத்திய விதி வேறு. திருவிழா என்று அனுமதி வாங்கினாலும் 12 மணி வரைக்கும்தான் அதில் இடம். அதற்கு மேல் நடப்பது உங்களுக்கும் தெரியும், காவல் நிலையத்துக்கும் தெரியும். அதனால் பன்னிரண்டுக்கு நாங்களே சத்தத்தைக் குறைக்கிறோம்.

இதையெல்லாம் விடுங்கள். அவர் சொன்னதில் எனக்குத் தூக்கம் போனது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். "தினைப்புனத்துக்குப் பின்னால சுவிட்சர்லாந்து. வள்ளி ஆலோலம் பாடி எந்தப் பறவையை விரட்டுது? பெங்குவினையா?"

நம் கடைக் காட்டு சீனை, அதாவது மேடைக்குப் பின்னால் தொங்கும் காட்டுத் திரையைப் பார்த்தவர்கள் உங்களில் பாதிப் பேர் இருப்பீர்கள். காடாத் துணியில், வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பொடி வண்ணம் கலந்து எழுதியது. தினைப்புனம், நடுவில் பரண், தூரத்தில் ஒரு குன்று. அது நார்த்தாமலை மாதிரியே இருக்கும், ஏனென்றால் எழுதியவருக்கு அந்தப் பக்கம்தான் ஊர். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து நம் கடைக்கு எழுதியவர் அவர். பார்சி நாடகக் கம்பெனிகளோடு இந்தப் பக்கம் வந்த திரை எழுதுகிற வேலை அவர் கையோடு நம் கடையில் நின்றுபோனது. இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். மகன்கள் இருவரும் டைல்ஸ் வேலைக்குப் போகிறார்கள்.

அப்புறம் ஓர் ஊரில் கோடை மழை. வஜ்ஜிரம் தண்ணீரைத் தாங்காது. காலையில் போய்ப் பார்த்தால் குன்று வழிந்து பரண் மேல் கிடக்கிறது. மறுநாளே அடுத்த ஊர் நாடகம். பிளெக்ஸ் கடைக்கு ஓடி "காடு, பின்னால மலை, 20 அடி அகலம்" என்று சொன்னேன். அந்தத் தம்பி கம்ப்யூட்டரில் எதையோ எடுத்துப் போட்டுக் கொடுத்தான். மேலே வெள்ளையாக இருந்ததை மேகம் என்று நினைத்தேன். நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை, அன்றைக்கு நான் நம்பினேன்.

ஒன்று சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அந்த பிளெக்ஸ் பதினான்கு ஊருக்குப் போய் வந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கமிட்டிகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டன. துணி சீன் மங்கலாக இருக்கிறது, "போட்டோ மாதிரி பளிச்சென்று" வேண்டும் என்று போன வருஷம் கேட்டதும் நீங்கள்தான். பளிச்சென்றுதான் இருக்கிறது. எல்.இ.டி. போகஸ் அடித்தால் பிளெக்ஸ் கண்ணில் திருப்பி அடிக்கும். துணி வெளிச்சத்தைக் குடித்துக்கொள்ளும், வள்ளியின் முகம் தனியாகத் தெரியும். மாப்பிள்ளை கண் எரிந்தது என்று சொன்னது அதனால்தான். அதில் அவர் மேல் தப்பில்லை.

ஆனால் அவர் ஒன்றரைக்கே எழுந்து போய்விட்டார். கிழவர் வேஷத்தில் முருகன் வந்து, தினைமாவைத் தின்றுவிட்டு விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்பதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மெசேஜ் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கலாம்.

சரி, என்ன செய்யப்போகிறோம்? சீன் எழுதிய அந்தப் பெரியவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன் என்றார். சுவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன் கிடைத்திருக்கிறான், கை நன்றாக இருக்கிறது. வைகாசிக்குள் புதுக் காட்டு சீன் துணியில் தயாராகிவிடும். அதுவரை பனிமலையின் தலையில் பச்சை பெயின்ட் அடித்திருக்கிறோம். தயவுசெய்து பகலில் பார்க்காதீர்கள்.

2020-லும் 2021-லும் திருவிழாவே இல்லாமல் திரைகள் சுருட்டியபடி கிடந்தபோது, கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காத ஊர்கள் உண்டு. இரண்டு ஊர்களிலிருந்து அரிசி மூட்டையும் வந்தது. அந்த அரிசியில்தான் பெரியவர் வீட்டிலும் உலை கொதித்தது. இந்தக் கடை இன்னும் திறந்திருப்பது உங்களால்தான். துணி சீனுக்கு செட் வாடகை 3,500 ரூபாய் கூடும், வைகாசிக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கும் சேர்த்து. அந்த அரிசியை நானும் என் பிள்ளைகளும் மறக்க மாட்டோம்.

அந்த மாப்பிள்ளை வைகாசியில் ஊருக்கு வந்தால் யாராவது சொல்லுங்கள். பாக்ஸிலிருந்து தள்ளி நானே நாற்காலி போடுகிறேன். பதினொன்றரைக்கு வந்தால் போதும், இரண்டு மணிக்கு டீ உண்டு.

புதுத் திரை வரும்போது ஒரு வேண்டுகோள். விடிந்ததும் பனி ஈரத்தோடு சுருட்டிவிடாதீர்கள். வெயில் ஏறட்டும், நம் பையன்கள் வந்து சுருட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சீன் செட்டிங் கடைக்காரன்,
புதுக்கோட்டை