ஏலத்தில் வென்று பணம் கட்டாதவர் விட்டுச் செல்லும் விலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் பொருள் வாங்கி ஏமாந்தவர்களின் கடிதங்கள் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவருகின்றன, அவை வரவேண்டியவையே. அதே வணிகத்தில், இணைய ஏலத்தில் உச்ச விலைக்குக் கேட்டு வென்றுவிட்டுப் பணம் கட்டாமல் விலகிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் விற்பவருக்கு ஏற்படும் இழப்பையும், அதே ஏலத்தில் நேர்மையாகக் கேட்டுத் தோற்றவருக்கு ஏற்படும், அதைவிடப் பெரிய அநீதியையும் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுதுபார்த்து ஏலத்தில் விற்பது பல ஆண்டுகளாக என் பகுதிநேரத் தொழில். அண்மையில் விற்பனைக்கு வைத்த ஒரு கேமராவில், லென்ஸின் உட்புறம் படர்ந்திருந்த பூஞ்சையைத் துடைத்தெடுக்கவும், எண்ணெய்ப் பிசுக்கால் மெதுவாகத் திறந்து மூடிய ஷட்டரைச் சரிசெய்யவும் எனக்கு இரண்டு வார மாலைப் பொழுதுகள் தேவைப்பட்டன. மேல்தகட்டில் இருந்த சிறு நசுங்கலைக்கூட மறைக்காமல் அருகில் வைத்துப் படமெடுத்துப் போட்டிருந்தேன். ஏழு நாள் ஏலம் கடைசி இரண்டு நிமிடங்களில் சூடுபிடித்து, இருவர் மாறி மாறிக் கேட்டதில் நான் எதிர்பாராத விலைக்குப் போய் முடிந்தது. வென்றவர் அன்று எதுவும் எழுதவில்லை. மறுநாள் நினைவூட்டினேன். மூன்றாம் நாள் மாலை, "தவறுதலாகக் கை பட்டுவிட்டது, மன்னிக்கவும்" என்று ஒரே ஒரு வரி வந்தது. ஏலப் பதிவை எடுத்துப் பார்த்தால், அவர் ஆறு முறை தொகையை உயர்த்திக் கேட்டிருக்கிறார். ஆறு முறையும் கை தவறியது என்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

விலகுகிறவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்று நான் சொல்லவரவில்லை. தொகையை உள்ளிடும்போது ஒரு பூஜ்யம் கூடிப்போவது யாருக்கும் நேரக்கூடியது. இ-பே (eBay) என்ற இணைய ஏலத் தளத்தின் விதிகளே, தொகையைத் தவறாக உள்ளிட்டிருந்தாலோ, ஏலம் நடக்கும்போது விற்பவர் பொருளின் விவரத்தைக் கணிசமாக மாற்றியிருந்தாலோ கேட்பைத் திரும்பப்பெற இடம் தருகின்றன. ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது கேட்டவராயின், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். சட்டமே விலகும் உரிமையைத் தருகிற இடமும் உண்டு. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2004 நவம்பர் 3 அன்று, இத்தகைய இணைய ஏலம் அந்நாட்டுச் சட்டம் சொல்லும் பொருளில் ஏலமே ஆகாது என்றும், எனவே தொழில்முறை விற்பனையாளரிடம் வாங்கிய நுகர்வோர் காரணம் சொல்லாமல் விலகலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று இந்த உரிமைக்கு 14 நாள் அவகாசம் இருக்கிறது. ஆனால் அது பொருளைத் தொழிலாக விற்பவரிடம் வாங்கியவருக்கு உள்ள பாதுகாப்பு. தன் வீட்டுப் பொருளை விற்கும் தனிநபரிடம் அந்த உரிமையைக் கோர முடியாது. ஏலம் முடிந்த சில மணி நேரத்துக்குள் "என்னால் முடியாது" என்று மனம் திறந்து எழுதுகிறவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அன்றே விற்பனையை ரத்து செய்துவிடுகிறேன். அவர் எனக்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தந்தவர்.

என்னைக் கோபப்படுத்துகிறவர்கள் வேறு வகையினர். ஒரே மாதிரியான பொருள் மூன்று இடங்களில் ஏலத்துக்கு வந்தால் மூன்றிலும் கேட்டு, மூன்றிலும் வென்று, மலிவாக முடிந்த ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறவர்கள் அவர்கள். கடைக்குள் நுழைந்து விலை விசாரிப்பதைப் போன்றதுதான் ஏலம் கேட்பதும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. விலை விசாரித்துவிட்டுப் போகிறவரால் அடுத்தவர் கொடுக்க வேண்டிய விலை உயர்வதில்லை. ஏலம் கேட்டுவிட்டுப் போகிறவரால் உயர்கிறது.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். பெரும்பாலான ஏலத் தளங்களில் நாம் நம்முடைய உச்ச வரம்பைப் பதிந்துவிட்டால், மற்றவர்களை முந்தத் தேவையான அளவுக்கு மட்டும் தளமே நம் சார்பில் படிப்படியாக உயர்த்திக் கேட்கிறது. ஒரு பொருளுக்கு முதலாமவரின் வரம்பு 120, இரண்டாமவரின் வரம்பு 90, மூன்றாமவரின் வரம்பு 60 என்று வைத்துக்கொள்வோம். ஏலம் 90-க்கு ஒரு படி மேலே முடியும். இப்போது முதலாமவர் விலகிவிடுகிறார். அவர் வராமலே இருந்திருந்தால் இரண்டாமவர் அந்தப் பொருளை 60-க்கு ஒரு படி மேலான விலைக்கே பெற்றிருப்பார். ஆனால் இ-பேயில், தோற்றவருக்கு விற்பவர் அனுப்பும் 'இரண்டாம் வாய்ப்பு' அவருடைய வரம்பாகிய 90-க்கே போகிறது. பணம் கட்டாதவர் ஆள் மட்டுமே போயிருக்கிறார். அவர் ஏற்றிவிட்ட விலை அங்கேயே நிற்கிறது.

இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்றும் உண்டு. வென்றவர் தமக்கு அடுத்த நிலையில் கேட்டவரின் தொகையைக் கட்டும் ஏலமுறையைப் பொருளியல் அறிஞர் வில்லியம் விக்ரி 1961-இல் ஆராய்ந்து எழுதினார். 1996-இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறையில், ஒரு பொருள் நமக்கு எவ்வளவு பெறுமோ அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நமக்கு நன்மை என்று அவர் காட்டினார். ஏலத் தளங்களும் "உங்கள் உச்ச வரம்பைத் தயங்காமல் பதியுங்கள்" என்றே நம்மிடம் சொல்கின்றன. அதை நம்பித் தன் வரம்பை உண்மையாகச் சொன்னவரிடம், யாரோ ஒருவர் வாக்குத் தவறிய காரணத்தால், அந்த வரம்பையே விலையாகக் கேட்பது எந்த வகையில் நியாயம்?

அப்படிக் கேட்கப்படும் இரண்டாமவருக்குச் சந்தேகம் எழுவதும் இயற்கை. விற்பவரே வேறொரு பெயரில் கேட்டு விலையை ஏற்றிவிட்டு, தவறிப்போய்த் தாமே வென்றுவிட்டதால் இப்போது என்னிடம் வருகிறாரோ என்று அவர் நினைப்பார். அப்படிச் செய்கிற விற்பனையாளர்கள் இருக்கவே செய்கிறார்கள் என்பதால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆக, வாக்குத் தவறியவர் ஒருவர், பழி சுமப்பவர் வேறொருவர் என்றாகிறது.

விற்பவர்கள் தம்மளவில் செய்யக்கூடியவை சில உள்ளன. பணம் வரும் முன் பொருளை அனுப்பக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் முதல் விற்பனையைத் தளத்தில் முறைப்படி ரத்து செய்யும் முன்பே பொறுமையிழந்து அதே பொருளை மறுபடி ஏலத்துக்கு வைத்துவிடுகிறவர்கள் பலர். முதலாமவர் நான்காம் நாள் பணத்தைக் கட்டிவிட்டால் ஒரே பொருளை இருவருக்கு விற்ற நிலைக்கு அவர்கள் ஆளாவார்கள். இ-பேயில் பணம் கட்ட 4 நாள் அவகாசம். அதற்குப் பிறகு, பணம் வரவில்லை என்ற காரணத்தைக் குறிப்பிட்டு ரத்து செய்தால் விற்பனைக் கட்டணம் திரும்ப வரவு வைக்கப்படும், வாங்கியவரின் கணக்கிலும் அது பதிவாகும். வேறு காரணத்தைக் குறித்து முடித்துவிட்டால் அந்தப் பதிவு ஏறாது. அந்த ஆள் அடுத்த விற்பனையாளரிடமும் தடையின்றிக் கேட்க முடியும். பேச்சு எல்லாம் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே, கடுஞ்சொல் இல்லாமல் நடப்பது நல்லது. முன்பு பணம் கட்டத் தவறியவர்களின் கேட்பை ஏற்காதிருக்கும் அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் இதை விற்பவரின் எச்சரிக்கையால் மட்டும் சரிசெய்துவிட முடியாது. வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறைக் கருத்து எழுதும் வசதியை 2008-இல் இ-பே நீக்கியது. குறைசொன்ன வாங்குபவரைப் பழிவாங்கச் சிலர் அதைப் பயன்படுத்தியதால், அந்த முடிவில் நியாயம் இருந்தது. அதை மறுபடி கேட்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக, எல்லா ஏலத் தளங்களிடமும் நான் கேட்பது இரண்டு. கேட்கும்போதே பணம் செலுத்தும் அட்டையையோ கணக்கையோ இணைக்கச் செய்து, வென்றால் ஒரு பங்கையாவது உடனே பிடித்து வைக்க வேண்டும். அதையும் மீறி ஒருவர் விலகினால், அவருடைய கேட்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, எஞ்சியவர்களின் வரம்புகளைக் கொண்டு விலையைப் புதிதாகக் கணக்கிட்டு, அந்த விலைக்கே இரண்டாமவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். எல்லார் வரம்பும் தளத்திடம் பதிவாகியிருப்பதால், அந்தக் கணக்கைக் கணினி நொடியில் போட்டுவிடும். இதனால் விற்பவருக்குக் கிடைப்பது குறையுமே என்று சக விற்பனையாளர்கள் சொல்லக்கூடும், குறையத்தான் செய்யும். இல்லாத ஒருவர் ஏற்றிய விலை நம்முடையது என்று உரிமை கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கேமராவுக்கு மூன்றாவதாக நின்றவரின் தொகை ஏலப் பதிவில் தெரிந்தது. அதற்கு ஒரு படி மேலே கணக்கிட்டு, நடந்ததை ஒளிக்காமல் எழுதி, அதே தளத்தின் வழியாகவே இரண்டாமவருக்கு அந்த விலைக்குக் கொடுத்தேன். பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு, ஷட்டர் வேகங்கள் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்ததாகவும், முதல் சுருளைக் கழுவக் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்