மிலோவின் பெயர் ஏன் அந்தப் பட்டியலில் இல்லை?

ஆஸ்கர் அகாதமியின் நடிகர் பிரிவு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நடிப்புக்கான பரிந்துரைப் பட்டியலை வாக்களித்து முடிவு செய்வது நடிகர்களாகிய நீங்கள்தான். அதனால் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

ஜஸ்டின் த்ரியே இயக்கிய 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' என்ற பிரெஞ்சுப் படம் 2024-இல் ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. திரைக்கதைக்கு விருதும் கிடைத்தது. அம்மாவாக நடித்த சாண்ட்ரா ஹூலர் சிறந்த நடிகைக்கான பட்டியலில் இருந்தார். எல்லாமே தகுதியானவை. மகன் டேனியலாக நடித்த மிலோ மச்சாடோ கிரானேரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அந்தப் படத்தைச் சமீபத்தில் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். கிரெனோபிள் பக்கம் பனிமலையில் ஒரு வீடு. அப்பா மேலிருந்து விழுந்து இறந்துகிடக்கிறார். நாயோடு நடந்துவிட்டுத் திரும்பும் பதினொரு வயது டேனியல்தான் முதலில் உடலருகே வருகிறான். ஒரு விபத்தில் பார்வையைப் பெரும்பகுதி இழந்தவன் அவன். அம்மா தள்ளிவிட்டாரா, அப்பாவே குதித்தாரா? அம்மா மீது வழக்கு நடக்கிறது. துரத்தல் இல்லை, துப்பறியும் நாயகன் இல்லை, கடைசியில் முடிச்சு அவிழ்வதும் இல்லை. நாம் பிடித்துக்கொள்ள இருப்பது அந்தப் பையனின் முகம் ஒன்றுதான்.

கண்ணால் நடிக்க வழியில்லாத பாத்திரம் அது. மிலோ காதால் நடிக்கிறார். நீதிமன்றத்தில் பெற்றோரின் சண்டை ஒலிப்பதிவாக ஓடும்போது, கேட்பது ஒன்றுதான் அவருக்கு வேலை. ஒவ்வொரு சொல்லும் உள்ளே இறங்குவது அந்த முகத்தில் தெரிகிறது.

அப்புறம் அந்தக் கடைசி சாட்சியம். காரில் அப்பா தன்னிடம் பேசியதை டேனியல் சொல்கிறான். திரையில் அப்பாவின் உதடுகள் அசைகின்றன, கேட்பதோ மகனின் குரல். இது நினைவா, அம்மாவைக் காப்பாற்ற அவனே கட்டியதா? குரலில் அழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தால் பொய் என்று பிடித்திருப்போம். உடைந்து அழுதிருந்தால் அப்படியே நம்பியிருப்போம். மிலோ இரண்டுக்கும் இடம் தரவில்லை. மொத்தப் படத்தின் மர்மமும் அந்தச் சில நிமிடங்களில் அவர் குரலில்தான் நிற்கிறது. வளர்ந்த நடிகர்கள் எத்தனை பேரால் இது முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

படத்தில் நாயாக வந்த மெஸ்ஸியைப் பரிந்துரை பெற்றவர்களுக்கான விருந்தில் எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கும் பிடித்த நாய்தான். ஆனால் ஆஸ்பிரின் தின்று அது மயங்கிக் கிடக்கும்போது நம் வயிறு கலங்குவது, பக்கத்தில் பதறும் பையனால்.

டேனியலை 'அவன்' என்றும் மிலோவை 'அவர்' என்றும் எழுதுகிறேன். எங்கள் தமிழில் சிறுவர்களை 'அவன்' என்பதே வழக்கம். இந்த நடிப்பைப் பற்றி எழுதும்போது கை தானாக 'அவர்' என்றுதான் எழுதுகிறது. நான் கேட்பதும் இந்த 'அவர்' தான். 1935 முதல் 1961 வரை சிறுவர் நடிகர்களுக்கென்று ஒரு குட்டிச் சிலை கொடுத்துவந்தீர்களே, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. 1974-இல் பத்து வயது டேட்டம் ஓ'நீலும் 1994-இல் பதினொரு வயது அன்னா பாக்வினும் பெரியவர்களோடு ஒரே பட்டியலில் நின்று முழு அளவுச் சிலையை வாங்கினார்கள். எட்டு வயதிலேயே ஜஸ்டின் ஹென்றி பரிந்துரை பெற்றார். ஆகவே வயது தடையில்லை.

இவர்கள் மூவரும் ஆங்கிலப் படங்களில் நடித்தவர்கள். நீதிமன்றத்தில் மிலோ பேசியது பிரெஞ்சு. கீழே ஓடும் எழுத்தைப் படித்த கண்கள் அவர் முகத்தைத் தவறவிட்டனவோ என்று எனக்குச் சந்தேகம். பிரான்ஸின் சேசார் விருதுக்காரர்கள் தவறவிடவில்லை. புதுமுக நடிகர்களுக்கான பட்டியலில், தன்னைவிட மூத்தவர்களோடு அவர் பெயரும் இருந்தது.

2024 பட்டியலை இனி மாற்ற முடியாது, சரி. ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தக் கார் காட்சியை எழுத்துகளை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அடுத்த முறை வேறு மொழிப் படமொன்றில் ஒரு சிறுமியோ சிறுவனோ இப்படி நடித்திருந்தால், வாக்குச்சீட்டில் அந்தப் பெயரை எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகர்