பலகை வாங்கும் முன் படகைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மோட்டார் படகு இழுக்க, பலகையில் நின்று தண்ணீர்மேல் சறுக்கும் நீர்ச்சறுக்கைப் பழக நினைப்பவர்களுக்காக ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சறுக்குப்பலகையின் நீளம், அகலம், கால் பிடிப்பு என்று முக்கால் பக்கம் எழுதியவர், படகுக்கு மட்டும் ‘நல்ல வேகம் வேண்டும்’ என்று ஒரே வரி ஒதுக்கியிருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் படகு ஓட்டுவார். நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்து வருகிறவர்களைக் கவனித்துச் சொல்வேன். விழுகிறவர் முகத்தை முதலில் பார்ப்பவள் நான்தான். புதிதாய்ப் பழகுகிறவர் எழுந்து நிற்பதும் நிற்காததும், காலில் மாட்டிய பலகையைவிடப் படகில் என்ன பொருத்தியிருக்கிறது, அதை யார் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தே அதிகம் அமைகிறது. அகலமான, சாதாரண ஜோடிப் பலகை போதும். மிச்சமாகும் பணத்தைப் படகில் போடுங்கள்.

முதலில் வேகம். இரட்டைப் பலகையில் பழகும் பெரியவருக்கு மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் தாராளம். சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. அதற்கு ராட்சத எஞ்சின் வேண்டியதில்லை. ஆளைத் தண்ணீரிலிருந்து ஒரே சீராக மேலே கொண்டுவரும் வலு இருந்தால் சரி. வேகம் கூட்டும் பிடியான த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளினால் கைப்பிடி மட்டும் படகோடு போகும், ஆள் அங்கேயே கிடப்பார்.

பழகுகிறவர்களுக்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. கட்டுரையில் அதன் பெயரே இல்லை. பூம் என்பார்கள். இழுவைக் கயிறு கட்டுவதற்காகப் படகின் நடுவில் நிற்கும் பைலான் என்ற கம்பத்தில் பொருத்தி, பக்கவாட்டில் தண்ணீருக்கு மேலே நீட்டி வைக்கும் உலோகக் கழி அது. பழகுகிறவர் கயிற்றுக்குப் பதிலாக இந்தக் கழியையே பிடித்துக்கொண்டு படகை ஒட்டியே வருவார். படகு கிளப்பும் அலை பின்னால் போய்விடுவதால் காலடியில் தண்ணீர் கலங்காமல் இருக்கும். கயிறு போல் அசையாத கழி என்பதால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை அது தாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, நான் பேசுவது அவர் காதில் விழும். ‘முழங்காலை மடக்கு, கையை நீட்டியே வை, இழுக்காதே’ என்று அந்தக் கணத்திலேயே சொல்லலாம். நீளக் கயிற்றின் முனையில் இருப்பவரிடம் இதெல்லாம் நடக்காது. அவர் விழுந்து, படகைத் திருப்பிக்கொண்டு போய்ச் சொல்வதற்குள் என்ன தப்பு செய்தோம் என்பதே அவருக்கு மறந்திருக்கும். கழியைப் பிடித்து நிற்கப் பழகியதும் அதன் நுனியில் ஐந்தடிக் குட்டைக் கயிறு கட்டலாம். நீளக் கயிறு அதற்கப்புறம்தான்.

ஆனால் எல்லாப் படகுக்கும் பூம் ஒத்துவராது. பைலான் வேண்டும், படகுக்கும் கனம் வேண்டும். லேசான படகில் பக்கவாட்டில் ஒரு பெரியவர் தொங்கினால் படகு அந்தப் பக்கமே சாயும். கழி எவ்வளவு பாரம் தாங்கும் என்று தயாரித்தவர்கள் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பூம் வேண்டாம் என்பவர்களுக்கும் பைலான் நல்லது. கயிற்றைப் பின்பக்க வளையத்தில் கட்டினால், சறுக்குகிறவர் ஓரமாக ஒதுங்கும்போதெல்லாம் படகின் வாலையும் சேர்த்து இழுப்பார். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். இழுவை நடுவிலிருந்து வந்தால் அந்தத் தொல்லை குறையும். மோட்டாரைப் பின்பக்கம் வெளியே மாட்டிய அவுட்போர்டு படகில் பைலான் இல்லையென்றால், பின்பக்க இரு வளையங்களையும் இணைத்து, மிதவையும் கப்பியும் கோத்த கயிற்று வார் போடலாம். கயிறு மோட்டாரில் சிக்காது.

கயிறு விஷயத்தில்தான் அதிகம் பேர் அலட்சியம். சறுக்குக் கயிற்றின் வழக்கமான நீளம் 75 அடி, அதாவது சுமார் 23 மீட்டர். பாலிபுரொப்பிலீனில் செய்வது, மிதக்கும். நங்கூரம் கட்டும் நைலான் கயிறு தண்ணீரில் மூழ்கும், போய் ப்ரொப்பெல்லரில் சுற்றும். போதாததற்கு ரப்பர் மாதிரி நீண்டு, விட்டால் சுண்டி அடிக்கும். காற்றடைத்த மிதவை டியூபில் ஆட்களை உட்காரவைத்து இழுக்கச் சறுக்குக் கயிற்றை எடுப்பவர்களும் உண்டு. அத்தனை பாரத்துக்குச் செய்த கயிறல்ல அது, அறுந்துவிடும். டியூபுக்குத் தடித்த கயிறு தனியாக விற்கிறார்கள்.

ஓட்டுகிறவருக்குப் பின்னால் வருகிறவரைக் காட்டும் அகலக் கண்ணாடி கட்டாயம் மாட்டுங்கள். கண்ணாடி இருந்தால் கவனிக்கத் தனியாள் வேண்டாம் என்று சில இடங்களில் சட்டமே விடுகிறது. எனக்கு உடன்பாடில்லை. ஓட்டுகிறவர் கண் முன்னால் இருக்க வேண்டும். (என் வேலை போய்விடுமே என்று சொல்வதாக வீட்டில் கேலி.)

ஏணி, ஓட்டுகிறவர் உடம்போடு மாட்டிக்கொள்ளும் கில் சுவிட்ச் கயிறு (அவர் தவறி விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடும்), இரண்டும் சில்லறைச் செலவு. தண்ணீரில் இருப்பவர் ஏணியை நெருங்கும்போது எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். நியூட்ரலில் நிறுத்தினால் போதாது. அவுட்போர்டில் ப்ரொப்பெல்லர் சரியாக அவர் ஏறும் பக்கத்தில்தான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பின்பக்க மேடையில் உட்காருவதும் கூடாது. அங்கே தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. லைஃப் ஜாக்கெட்டில், காற்றடைத்து உப்பும் ரகம் சறுக்குக்கு ஆகாது. வேகமாக விழும்போது தண்ணீர் அடிக்கும் அடியைத் தாங்கி, உடம்போடு இறுகி நிற்கும் பக்கிள் வைத்த ஜாக்கெட்டே வேண்டும்.

1922இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவெல்சன் இரண்டு எட்டடிப் பலகைகளின் நுனியை வேகவைத்து வளைத்துத்தான் முதன்முதலில் சறுக்கிக் காட்டினார் என்று கட்டுரையாளர் பெருமையாக எழுதியிருக்கிறார். உண்மைதான். ஆனால் அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்காகப் படகு ஓட்டியவர் அவருடைய அண்ணன் பென். அவர் பெயரையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்பில் கைச்சைகைகளைப் படமாகப் போடுங்கள். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, தலையில் தட்டினால் கரைக்குத் திரும்பு, கழுத்தின் குறுக்கே கையை வீசினால் நிறுத்து. விழுந்தவர் இரு கைகளையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால் அடி இல்லை என்று பொருள். புதிதாய் வருகிறவர்கள் இந்தக் கடைசிச் சைகையைத்தான் மறந்துவிடுகிறார்கள். கரையிலேயே இரண்டு தரம் செய்து காட்டச் சொல்லி, பிறகு தண்ணீரில் இறக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி