குழாயைச் சொட்டவிடச் சொல்லும் ஆலோசனை பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் வீட்டைப் பாதுகாப்பது தொடர்பாகத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த குறிப்புகளை வாசித்தேன். கடுங்குளிர் இரவுகளில் குழாயொன்றைச் சிறிது திறந்து, நூல்போலத் தண்ணீர் ஓடவிட்டால் குழாய்கள் உறையமாட்டா என்று அதில் எழுதப்பட்டிருந்தது. கனடாவின் ரொறன்ரோ வட்டாரத்தில், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் நகரசபைத் தண்ணீரை நம்பி வாழ்பவர்களுக்கு அது நல்ல ஆலோசனைதான். ஆனால் சொந்தக் கிணறும் சொந்த மலக்குழியும் உள்ள நாட்டுப்புற வீட்டில் அதை அப்படியே பின்பற்றுவது ஒரு குழாயைக் காப்பாற்ற இன்னொரு குழாயைப் பலிகொடுப்பதாக முடியலாம். சென்ற இலையுதிர்காலத்தில் பீற்றர்பரோவுக்கு அப்பால் வீடு வாங்கிய என் மைத்துனர், தங்கள் குறிப்பைப் படித்த அன்றிரவே குசினிக் குழாயைத் திறந்துவிட்டதாகத் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னபோதுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று எண்ணினேன்.

ஸ்காபரோவில் 18 வருடங்கள் இருந்துவிட்டு, லின்ட்சேக்கு வடக்கே, கவார்த்தா லேக்ஸ் பகுதியில் 6 ஏக்கர் வளவொன்றில் நாங்கள் குடியேறி இது ஏழாவது குளிர்காலம். 11 ஆடுகளும் முப்பதுக்குக் கிட்டிய கோழிகளும் எங்களோடு இருக்கின்றன. முதற் குளிர்காலத்தில், ஜனவரி மாதத்தில், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 29 பாகைக்கு இறங்கிய மூன்று இரவுகளிலும் நகரத்தில் கற்ற பாடத்தின்படி குளியலறைக் குழாயைச் சொட்டவிட்டோம். தண்ணீர் வரும் குழாய்க்கு ஒன்றும் நேரவில்லை. நான்காம் நாள் காலை என் மனைவி உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தைப் போட்டபோது, சவர்க்கார நுரையோடு சாம்பல்நிறத் தண்ணீர் நிலக்கீழ் அறையின் குளிக்குமிடத்துத் துவாரத்தினூடாக மேலெழுந்து வந்தது. பழுதுபார்க்க வந்தவர் கழிவுநீர்க் குழாய்க்குள் சிறு கமராவொன்றை விட்டுத் திரையில் காட்டினார். நான்கு அங்குலக் குழாய் முழுவதும் பனிக்கட்டியால் அடைந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையுமளவு துவாரம் மட்டுமே எஞ்சியிருந்தது. அந்தத் துவாரத்தின் அடியில், நாங்கள் திறந்துவிட்ட தண்ணீர் இன்னும் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

காரணம் எளிமையானது. குளித்த தண்ணீரோ பாத்திரம் கழுவிய தண்ணீரோ பெருக்காகவும் சூடாகவும் போகும்; உறைவதற்குமுன் மலக்குழித் தொட்டியைச் சென்றடைந்துவிடும். நூல்போல ஓடுகிற குளிர்ந்த தண்ணீரோ குழாயின் அடியில் படலமாகப் பரவி, போகிற வழியிலேயே இருக்கிற சொற்ப வெப்பத்தையும் இழந்து, மெழுகுதிரியில் மெழுகு வழிந்து இறுகுவதுபோல ஒன்றின்மேலொன்றாக உறைந்து ஏறும். நகரத்தின் கழிவுநீர்க் குழாய்கள் ஆழத்தில் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான வீடுகளின் வெந்நீர் இரவுபகலாக அவற்றில் கலந்து ஓடுகிறது. ஆகவே அங்கே ஒரு வீட்டின் சொட்டு ஒரு பொருட்டல்ல. நாட்டுப்புறத்தில் அந்தக் குழாயில் ஓடுவது எங்கள் ஒரு வீட்டின் தண்ணீர் மட்டுமே. ஒழுகுகிற கழிவறைத் தொட்டியும், வீட்டைச் சூடாக்கும் புதிய வகை ஃபேர்னஸ்களிலிருந்து சொட்டுகிற நீரும்கூட இதே தீங்கைச் செய்யக்கூடும் என்பதைப் பின்னர்தான் அறிந்துகொண்டேன்.

சொட்டவிடுவது ஏன் பயனளிக்கிறது என்பதையும் தங்கள் குறிப்பு விளக்கியிருக்கலாம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது என்பது பாடசாலையில் படித்ததுதான். ஆனால் பலர் நினைப்பதுபோல, பனிக்கட்டி பக்கவாட்டில் தள்ளுவதாலேயே குழாய் வெடிப்பதில்லை. ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பாக வளரும்போது, அதற்கும் மூடியிருக்கிற குழாய்வாய்க்கும் இடையில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக்கிடமில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது; செப்புக் குழாய் மீன் வாய்போல நீளவாக்கில் பிளப்பது அந்த அழுத்தத்தால்தான். பிளந்த இடம் பெரும்பாலும் உறைந்த இடமாக இராது. குழாய்வாய் திறந்திருந்தால் அழுத்தம் வெளியேறிவிடும் என்பதே சொட்டவிடுவதன் முதன்மையான பயன். ஆகவே, உறைந்துவிட்டதாகத் தெரிந்த குழாயை இளக்கத் தொடங்குமுன் அதன் வாயைத் திறந்துவைப்பது எங்கும் எல்லோருக்கும் பொருந்தும். இளக்குவதையும் குழாய்வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கிப் போகவேண்டும். தலைமயிர் உலர்த்தியும் பொறுமையும் போதும். தீச்சுவாலையைக் குழாயில் பிடித்துச் சுவரைப் பற்றவைத்தவர்களின் கதைகள் இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் காதில் விழுகின்றன.

இனி, நாட்டுப்புற வீட்டில் செய்யத்தக்கது என்ன? வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரிக் கதவுகளை இரவில் திறந்துவைத்தால் வீட்டின் வெப்பம் குழாய்களை எட்டும். குளிரைவிடக் காற்றே பெரிய எதிரி என்பதால், சுவரில் குழாயும் வயரும் நுழைகிற ஓட்டைகளை இலையுதிர்காலத்திலேயே அடைத்துவிடவேண்டும். தண்ணீர் ஓடவிடத்தான் வேண்டுமானால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதுமாகத் திறந்து ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு மூடுவது மேல். மலக்குழியின்மேல் விழுகிற பனியை அள்ளக்கூடாது, மிதித்து இறுக்கவும் கூடாது. அது அந்த நிலத்துக்குக் கம்பளிப் போர்வை. எங்கள் வளவில் அந்த இடத்தில் புற்கள் சரிவர வளராதிருந்ததால், இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் ஓரடி தடிப்புக்கு வைக்கோல் பரப்பிவிடுகிறோம்.

தண்ணீர் நின்றுபோனால் கிணறு உறைந்துவிட்டது என்று பதறவும் தேவையில்லை. துளைக்கிணற்றின் பம்பி பனி எட்டாத ஆழத்தில் இருக்கிறது. எங்கள் இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் விடியற்காலை எந்தக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. நானும் மகனும் கைவிளக்கோடு நிலக்கீழ் அறை முழுவதும் தேடி, ஈற்றில் கண்டுபிடித்தது அழுத்தத் தொட்டிக்கு அருகே, பம்பியை இயக்குகிற ஆளிக்குக் கீழே நிற்கிற, சுண்டுவிரல் நீளங்கூட இல்லாத, கால் அங்குலக் குழாய்த் துண்டை. அதற்குள் இருந்த சில துளித் தண்ணீர் உறைந்து, தொட்டி வெறுமையானதை ஆளி அறியமுடியாமற் போயிருந்தது. அருகிலிருந்த சிறு யன்னல் விரற்கடை அளவு திறந்துகிடந்ததே காரணம். பம்பிக்கு மின்சாரம் போகிற பிறேக்கரை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் வெப்பக்காற்றுப் பிடித்ததும் எல்லாம் சரியாயிற்று.

எல்லாமே அவ்வளவு மலிவாக முடிவதில்லை. 2015 பெப்ரவரி, ரொறன்ரோவில் பதிவான மிகக் குளிரான பெப்ரவரி மாதங்களில் ஒன்று. ஒன்ராறியோ மாகாணத்தின் பல நகரங்களில் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் நிலத்தடிக் குழாய்கள் உறைந்துபோக, குழாயைத் திறந்தபடி வைத்திருக்குமாறு வீட்டுக்காரர்களுக்கு அறிவுறுத்தல்கள் வந்தன. எம்மவர் மனங்களில் அந்த ஆலோசனை அப்போதுதான் வேரூன்றியிருக்கவேண்டும். அப்போது பலர் கவனித்த இன்னொன்றும் உண்டு: வெளியே குளிர் தணியத் தொடங்கிய பின்னரும் புதிய புதிய வீடுகளில் தண்ணீர் நின்றது. நிலத்துக்குள் குளிர் மெதுவாகத்தான் இறங்குகிறது. மேலே இளவேனிலின் வாசம் வரும்போது அது கீழே குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். எங்களுக்கு அது நேர்ந்தது நான்காவது குளிர்காலத்தின் மார்ச் மாதத்தில். கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் பிளாஸ்ரிக் குழாய் வாகனப் பாதையைக் குறுக்கறுத்துப் போவதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. நிலத்துக்குள் இறங்கும் குளிர் எட்டாதிருக்க, ரொறன்ரோ வட்டாரத்தில் அத்திவாரங்களையே 1.2 மீற்றர் ஆழத்தில் வைக்கிறார்கள். வடக்கே போகப்போக அந்த ஆழம் கூடும். பனி மூடிய புற்றரையில் குளிர் அவ்வளவு தூரம் இறங்காது. ஆனால் நாங்களோ ஒவ்வொரு நாளும் பாதையிலிருந்த பனியைச் சுத்தமாகத் தள்ளி, அதன்மேல் வாகனம் ஓட்டி, குளிரைக் கீழே வழியனுப்பிக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஒரு காணி வாங்குவதென்றால் கிணறு எத்தனை முழம், தண்ணீர் நன்னீரா உவர்நீரா, கோடையில் வற்றுமா என்று கேளாமல் யாரும் முற்பணம் கொடுக்கமாட்டார்கள். அதே நாங்கள் இங்கே குசினியின் கல்மேடையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறோம்.

அந்த முறை 12 நாட்கள் தண்ணீர் இல்லை. பனியை உருக்கினால் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: புதிதாக விழுந்த பனி 10 வாளி உருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வாளித் தண்ணீர், சட்டியின் அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விடாவிட்டால் சட்டியும் கருகும். எங்களுக்குக் குடிதண்ணீர் கடையில் வாங்கலாம்; ஆடுகளுக்கு என்ன செய்வது? ஆடு பனிக்குளிரான தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகிவிடும். தண்ணீர் குறைந்தால் தீனும் குறையும். தீன் குறைந்தால் உடம்பில் சூடு இராது, ஏனென்றால் உலர்புல் வயிற்றில் செரிக்கும்போது எழுகிற வெப்பமே அவற்றின் கணப்பு. அயல்வீட்டுக் கனேடிய முதியவர் தன் பண்ணையிலிருந்து பீப்பாவில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். கறுப்பு இறப்பர் வாளிகளையும் அவர்தான் அறிமுகப்படுத்தினார். கவிழ்த்து ஓர் உதை விட்டால் பனிக்கட்டி முழுசாகக் கழன்று விழும். பிளாஸ்ரிக் வாளியென்றால் வாளிதான் உடையும். கொட்டிலில் வெப்பவிளக்கு மாட்டாதே, வைக்கோலில் விழுந்தால் கொட்டிலும் ஆடும் போய்விடும் என்று அவர் எச்சரித்ததையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

வெளிமுற்றத்தில் உள்ள உறையாக் குழாய் பற்றியும் ஒரு சொல். அதன் வால்வு நிலத்துக்குக் கீழே, பனி எட்டாத ஆழத்தில் இருக்கிறது. மூடியதும் தண்டில் நிற்கிற தண்ணீர் அடித்துவாரத்தால் மண்ணுக்குள் வடிந்துவிடும். றப்பர்க் குழாயைக் கழற்றாமல் மூடினால் வடியாது, உறையும். பெயரை நம்பி அப்படியே விட்டு அதையும் ஒருமுறை உடைத்தோம்.

மின்தடை என்பதும் இங்கே வேறு பொருள் கொள்கிறது. 2013 டிசெம்பரில் பனிக்கட்டி மழை பெய்து ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின்பாவனையாளர்கள் இருளில் இருந்தபோது, ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. கிணற்று வீட்டில் மின்சாரம் நின்றால் பம்பி நிற்கும், ஃபேர்னஸ் நிற்கும், சில மணி நேரத்தில் குழாய்களும் உறையத் தொடங்கும். விறகடுப்பும், காய்ந்த விறகும், முன்கூட்டியே நிரப்பிவைத்த பத்து வாளித் தண்ணீரும் இல்லாமல் டிசெம்பருக்குள் நுழையக்கூடாது. மின்பிறப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ வாகனத் தரிப்பறைக்குள்ளோ ஒருபோதும் இயக்கலாகாது. அதன் புகையில் மணமில்லாத நஞ்சு இருக்கிறது.

தைப்பொங்கலையும் கலியாணங்களையும் ஒட்டி எம்மவர் பலர் ஊருக்குப் பயணமாகிற காலமும் இதுவே. வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் போய்வருபவர்கள் தங்கள் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும். வெப்பமூட்டும் பருவத்தில் சில நாட்களுக்குமேல் வீட்டில் ஆளில்லாதபோது, யாரும் ஒழுங்காக வந்து பார்த்திராவிட்டால், அல்லது தண்ணீரை நிறுத்திக் குழாய்களை வடித்திராவிட்டால், உறைவதால் வரும் சேதத்துக்குப் பணம் தரப்படாது என்ற நிபந்தனை வழக்கமாக அவற்றில் இருக்கிறது. பம்பியின் பிறேக்கரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் திறந்து, அழுத்தத் தொட்டியையும் வெந்நீர்த் தொட்டியையும் வடித்துவிட்டுப் போவதற்கு அரைநாள் போதும். வெந்நீர்த் தொட்டியை வடிக்குமுன் அதன் சூடாக்கியை நிறுத்த மறக்கக்கூடாது. கழுவுதொட்டிகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைகுழாய்களில் ஊற்றுவதற்கென விற்கப்படும் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்பு நீரையே பயன்படுத்தவேண்டும், வாகனத்துக்கானது நஞ்சு.

ரொறன்ரோவில் வீட்டு விலை ஏறியதால் லின்ட்சே, பீற்றர்பரோ, ஒரில்லியாப் பக்கங்களை நாடுகிற தமிழ்க் குடும்பங்களை ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களுக்கும் வாசிப்பதற்குத் தங்கள் பத்திரிகைதான் இருக்கிறது. ஆகவே, குழாயைச் சொட்டவிடும் ஆலோசனை நகரசபை இணைப்புள்ள வீடுகளுக்கு மட்டுமே உரியது என்ற திருத்தத்தை அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வீடு வாங்குவோருக்கான பக்கத்திலும், கிணற்றுக் குழாய் எந்த வழியாக, எவ்வளவு ஆழத்தில் வருகிறது, மலக்குழி எங்கே இருக்கிறது என்ற கேள்விகளைச் சேர்த்தால் நன்று. மைத்துனர் தன் குசினிக் குழாயை மூடிவிட்டார். அவருடைய கிணற்றுக் குழாயும் வாகனப் பாதைக்குக் கீழாகத்தான் வருகிறதாம். பாதையில் அந்த ஒரு துண்டுக்கு மட்டும் பனியை அள்ளாமல் விட்டு, வாகனத்தைத் தெருவோரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கவார்த்தா லேக்ஸிலிருந்து ஒரு வாசகர்