பனி நோட்டும் மழை நோட்டும்

கிரெஸ்டட் பியூட், கொலராடோ
மாசி முதல் வாரம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களாகின்றன. வீட்டை இடித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலி செய்தபோது, உன் பழைய மழை நோட்டுகள் ஒரு தகரப் பெட்டிக்குள் அகப்பட்டதாகவும், இனி அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். வீட்டுச் செய்திகளுக்கெல்லாம் மகள் தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டாள். அந்தப் பெட்டியைப் பற்றிய வரிக்கு மட்டும் நானே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. இதைப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து பெட்டியைத் திறந்து எடைக்குப் போட்டுவிடாதே.

இங்கே நாள் முழுவதும் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். நீ முப்பது ஆண்டுகள் செய்த வேலையைத்தான் நான் மூன்று குளிர்காலமாகச் செய்துகொண்டிருக்கிறேன். நீ மழையை அளந்தாய், நான் பனியை அளக்கிறேன். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று நாம் சொல்லும் பனி வேறு, இது வேறு. நம் மொழியில் புல் நுனியில் நிற்பதும் பனி, மார்கழி விடியலில் கண்ணை மறைப்பதும் பனி, இந்த ஊரில் ஒரே இரவில் வாசற்படியை மூடிவிடுவதும் பனி. நாற்பது ஆண்டு தமிழாசிரியனாக இருந்த எனக்கே, நோட்டின் முதல் பக்கத்தில் எந்தச் சொல்லை எழுதுவது என்று தடுமாற்றமாக இருந்தது. கடைசியில் வெண்பனி என்று எழுதிவைத்தேன். பேச்சில் வெறும் பனிதான்.

அமெரிக்காவில் மழையையும் பனியையும் வீட்டிலேயே அளந்து எழுதும் தன்னார்வலர்களின் வலையம் ஒன்று 'கோகோராஸ்' என்ற பெயரில் உண்டு, நானும் அதில் ஒருவன். 1997 ஜூலை 28 அன்று இதே மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில், ஊரின் ஒரு புறத்தில் 14 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியபோது, மறுபுறத்தில் 2 அங்குலம்கூடப் பெய்யவில்லை. வெள்ளத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். எங்கே எவ்வளவு பெய்கிறது என்று அந்த நேரத்தில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வீடு மழைமானி இருந்திருந்தால் தெரிந்திருக்குமே என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோலன் டோஸ்கன் என்ற வானிலையாளர் 1998இல் தொடங்கியதுதான் இந்த வலையம். நான்கு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய்தான் கருவி. அதன் முழுக் கொள்ளளவே 11 அங்குலம். காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் பெய்த 95 சென்டிமீட்டருக்கு இந்தக் குழாய் மூன்று முறை நிரம்பி, அதற்கு மேலும் மிச்சம் இருந்திருக்கும். நீ நோட்டை நிறுத்திய பிறகு வந்த மழை அது என்று நீ வருந்தி எழுதியது நினைவிருக்கிறது.

நீ காலை எட்டரைக்கு அளந்தாய். நான் ஏழு மணிக்கு அளக்கிறேன். மழை என்றால் குழாயைப் பார்த்து எழுதிவிட்டு உள்ளே வந்துவிடலாம். பனிக்கு அது போதாது. காற்று வீசினால் பனித்துகள் குழாயின் வாய்க்கு மேலாகவே பறந்துபோய்விடும். குழாயில் விழுந்தது உண்மையில் பெய்ததைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே வெள்ளைச் சாயம் பூசிய ஒரு மரப்பலகையைத் தோட்டத்தில் போட்டு வைத்திருக்கிறேன். அதன்மேல் விழுந்த புதுப்பனியின் உயரத்தை மூன்று நான்கு இடங்களில் அளந்து சராசரி எடுத்த பிறகு, மழைமானியின் வெளிக்குழாயைத் தலைகீழாக்கிப் பலகையில் அழுத்தி, இட்லிமாவில் டம்ளரைக் கவிழ்த்தாற்போல் ஒரு வட்டத்தை வெட்டி எடுக்க வேண்டும். பிறகு பலகையைத் துடைத்து, புதுப்பனியின் மட்டத்தில் மீண்டும் வைத்துவிட்டு, தரையிலிருந்து மொத்த உயரம் எவ்வளவு என்று நட்டுவைத்த அளவுகோலில் பார்த்து எழுத வேண்டும். குழாய் வெளியிலேயே குளிர்ந்து கிடக்க வேண்டும் என்பதை ஒரு வாரம் பட்டுத்தான் கற்றேன். அடுப்படியிலிருந்து எடுத்துப்போன குழாயில் பனி உருகி ஒட்டிக்கொண்டு, அன்றன்றைய கணக்கைக் கெடுத்துவிட்டது.

வெட்டி எடுத்த பனியை அளந்த வெந்நீர் ஊற்றி உருக்கி, ஊற்றிய அளவைக் கழித்துவிட்டால் பனிக்குள் இருந்த தண்ணீர் எவ்வளவு என்று தெரியும். எனக்கு இன்னும் எளிய வழி ஒன்று அகப்பட்டது. குழாயின் வாய்ப்பரப்பு 81 சதுர சென்டிமீட்டர். ஆகவே பனியின் எடை 81 கிராம் என்றால் அது ஒரு சென்டிமீட்டர் தண்ணீர். மகள் ரொட்டிமாவு நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்த்துவிடுகிறேன். தராசு ஈரமாகிறது என்று அவள் குறை சொல்கிறாள், நியாயமான குறைதான்.

நம் ஊர்ப் பெரியவர்கள் மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்று பார்த்து 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்றார்களே, அதன் நுட்பம் இங்கே வந்துதான் எனக்கு உறைத்தது. வானத்திலிருந்து விழுந்தது எவ்வளவு என்பதைவிட, நிலத்துக்கு எவ்வளவு கிடைத்தது என்பதையே அவர்கள் கேட்டார்கள். இங்கே உல்லாசப் பயணிகள் பனியின் உயரத்தைக் கேட்டு மகிழ்கிறார்கள். தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள் அதன் எடையைக் கேட்கிறார்கள். சனவரியில் என் பலகையில் ஒருநாள் 10 அங்குலப் பனி விழுந்தது, உருக்கினால் அரை அங்குலத் தண்ணீர்தான். சென்ற ஆண்டு ஏப்ரலில் அதே 10 அங்குலத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தது. முன்னது இலவம்பஞ்சு, பின்னது நனைந்த சாக்கு.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வமிகுதியில் ஒரு பெரும்பனி நாளன்று மணிக்கொரு முறை வெளியே போய், அளந்து, பலகையைத் துடைத்துவிட்டு வந்தேன். மாலையில் கூட்டிப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் எல்லோரையும்விட எனக்கே அதிகம். காரணம் எளிது: விழுந்த பனி தன் எடையாலேயே அமுங்கிக்கொண்டிருக்கும். அடிக்கடி துடைத்தால் அது அமுங்குவதற்கே நேரம் இல்லாமல் போய், கூட்டுத்தொகை வீங்கிவிடும். ஆகவேதான் ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் துடைக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். 1997 சனவரியில் நியூயார்க் மாநிலத்தின் மான்டேகு என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் பெய்ததாக வந்த அறிக்கையை, அளவு எடுத்த தடவைகள் மிகுதி என்று சொல்லித் தேசியச் சாதனையாக ஏற்க மறுத்துவிட்டார்கள். பொய் சொல்லாமலே பொய்க்கணக்கு எழுத முடியும் என்று எனக்கு அன்று தெரிந்தது.

தமிழ் வாத்தியாருக்கு இந்த வேலை எதற்கு என்று மருமகன் கேலி செய்வதுண்டு. அப்போதெல்லாம் ஜேம்ஸ் சர்ச்சின் பெயரைச் சொல்வேன். பனியைக் குத்தி எடுத்து நிறுத்து, உள்ளிருக்கும் தண்ணீரை அறியும் நீண்ட உலோகக் குழாயை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெவாடாவின் ரோஸ் மலையில் உருவாக்கிய அவர், பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த ஆசிரியர். தாஹோ ஏரி கோடையில் எவ்வளவு உயரும் என்பதைக் குளிர்காலப் பனியை நிறுத்தே முன்கூட்டிச் சொன்னார். இன்று மேற்கு மலைகளில் 'ஸ்னோடெல்' என்னும் தானியங்கி நிலையங்கள் ஏறத்தாழ 900 இருக்கின்றன. உறையாத திரவம் நிரப்பிய ஒரு மெத்தை, தன்மேல் படியும் பனியின் எடையைத் தானே உணர்ந்து செய்தி அனுப்பிவிடுகிறது. அதற்குச் சளிக்காய்ச்சல் வருவதில்லை.

இந்த ஊருக்கு வடக்கே, சுமார் 2,900 மீட்டர் உயரத்தில், காத்திக் என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊர் இருக்கிறது. 1879இல் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் சில ஆண்டுகளில் வெள்ளி கைவிட்டதும் போய்விட, வெறிச்சோடிய அந்த ஊரில் 1928இல் ஓர் உயிரியல் ஆய்வகம் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் சாலை மூடிவிடும், சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே 1970களின் தொடக்கத்தில் வந்து தங்கிவிட்ட பில்லி பார் என்பவர், 1974–75 குளிர்காலம் தொடங்கி நாள்தோறும் பனியின் உயரம், அதன் தண்ணீர், வெப்பநிலை, அன்று கண்ட விலங்கு, பறவை என்று எழுதி வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் தம் பெயரைச் சின்ன எழுத்துகளிலேயே எழுதுவாராம். தமிழில் அந்தத் தன்னடக்கத்துக்கு வழியில்லை. அவர் ஆய்வாளர் அல்லர். தனிமையில் பொழுது போக வேண்டுமே என்றுதான் எழுதத் தொடங்கினார்.

அந்த நோட்டுகள் இருப்பதை அறிந்த டேவிட் இனோவே என்ற உயிரியலாளர், மலைப்பூக்கள் மலரும் நாட்களைப் பற்றிய தம் குறிப்புகளோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் உள்ளதைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. மர்மோட் என்று ஒரு விலங்கு, அணில் குடும்பம், பூனை அளவு பருமன். குளிர்காலம் முழுவதும் வளைக்குள் தூங்கும். அது வெளியே வரும் நாள் 23 ஆண்டுகளில் 38 நாட்கள் முந்திவிட்டிருந்தது. தாழ்நிலத்திலிருந்து மேலே வரும் ராபின் பறவை, 1981இல் வந்ததைவிட 14 நாட்கள் முன்பே வந்தது. ஆனால் அதே காலத்தில் தரையில் பனி உருகும் நாள் முந்தவில்லை. கீழே வெயில் ஏறுவதைப் பார்த்துப் புறப்பட்டு வந்த பறவைக்கு, மேலே புழு கிடைக்கும் வெறுந்தரை இல்லை. அது காத்திருக்க வேண்டிய நாட்கள் 18 கூடியிருந்தன. பறவையை மட்டும் ஒருவர் எழுதியிருந்தாலோ, பனியை மட்டும் இன்னொருவர் எழுதியிருந்தாலோ இது தெரிந்திருக்காது. ஒரே ஆள் ஒரே ஜன்னலருகே உட்கார்ந்து இரண்டையும் ஒரே நோட்டில் எழுதியதால் தெரிந்தது.

பனி முந்தி உருகும் ஆண்டுகளிலோ வேறு தொல்லை. செடிகள் சீக்கிரமே மொட்டு விட்டுவிடும். சூன் மாதத்திலும் இங்கே இரவில் உறைபனி விழுவதுண்டு என்பதால் மொட்டுகள் கருகிப்போகும். இதையும் இனோவே எழுதியிருக்கிறார். தையில் தொடங்கி மாமரத்தின் பூவைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படும் உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் ஈஸ்ட் ஆறு கன்னிசன் ஆற்றுக்கும், அது கொலராடோ ஆற்றுக்கும் போகிறது. ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் நம்பியிருக்கும் ஆறு அது. 2021இல் ஆற்றின் மேற்பகுதியில் பனி, இயல்பில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் அந்த ஆற்றின் அணைநீர்த்தேக்கமான பவல் ஏரிக்கு வந்த ஏப்ரல்–சூலை நீர்வரத்து, இயல்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காய்ந்து கிடந்த மண் குடித்தது ஒரு பகுதி. வசந்தத்தில் மழை பொய்த்தது பெரிய காரணம் என்று பின்னர் சொன்னார்கள். உருகாமலே நேராக ஆவியாகிப்போகும் பனியையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 2023 சூன் வரை, ராடாரும் லேசரும் கொண்ட கருவிகளைக் காத்திக்கில் நிறுத்தி, மேகம் முதல் மண் வரை அளந்தார்கள். அவ்வளவு கருவிகள் வந்திறங்குவதற்கு முந்தைய அரை நூற்றாண்டுக்கு அந்த இடத்தில் நோட்டுகள் இருந்தன.

ஆகவே உன் பெட்டிக்கு வருகிறேன். ஒரு மனிதன் ஒரே இடத்தில், ஒரே கருவியால், ஒரே நேரத்தில் முப்பது ஆண்டுகள் எழுதியதை எந்தப் பணத்தாலும் பின்னோக்கிப் போய் வாங்க முடியாது. பேரனைக் கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கச் சொல். மழைமானி முதலில் கிணற்றடியில் இருந்ததா, மொட்டைமாடிக்கு எப்போது மாறியது, வேப்பமரத்தை எந்த ஆண்டு வெட்டினாய் என்பதையெல்லாம் தனித்தாளில் எழுதி உடன் வை. கையெழுத்தைத் திருத்தாதே. மழை இல்லாத நாட்களில் நீ போட்ட பூச்சியங்களைச் சுருக்கி, 'பத்து நாள் மழையில்லை' என்று எழுதிவிடாதே. பூச்சியம் என்றால் நீ போய்ப் பார்த்தாய், மழை இல்லை என்று பொருள். வெற்றிடம் என்றால் நீ பார்க்கவே இல்லை என்று பொருள். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் அளவைப் பார்த்து உத்தேசமாக எழுதிவிடலாம் என்று கை துடித்தது. கட்டங்களை அப்படியே விட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 1993 நவம்பரில் உன் மனைவியின் பிரசவத்துக்காக நாகர்கோவிலில் நான்கு நாட்கள் இருந்துவிட்டு வந்து, மழைமானியில் தேங்கியிருந்ததை எல்லாம் சேர்த்து ஒரே தேதியில் எழுதியதாக ஒருமுறை சொன்னாய். யாராவது பிற்காலத்தில் பார்த்தால், உன் ஊரில் அன்று ஒரு பெருமழை கொட்டியதாகவே நினைப்பார்கள். எங்கள் வலையத்தில் இதற்கென்றே தனிப் படிவம் உண்டு, பலநாள் மொத்தம் என்று குறித்துவிடலாம். உன் நோட்டில் அப்படி ஏதாவது குறிப்பு இருக்கிறதா, அல்லது வெறும் எண் மட்டும்தானா? அந்தப் பக்கத்தின் படத்தை மட்டும் முதலில் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்